நாலும் வந்துருச்சு சார்

கூட்டேரிப்பட்டில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அங்கே இறங்கிவிட்டேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ். ஜன்னலோர சீட்டு. மடியில் பை, பையின் உள் ஜிப்பில் ஒரு சின்ன டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு மேல் ஒரு நீல ரப்பர் வளையம். மிளகு அளவுதான் இருக்கும். விக்கிரவாண்டி தாண்டினதும் ஒரு யோசனை வந்தது. வந்த பிறகு உட்கார முடியவில்லை. எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"எங்கம்மா போற? திண்டிவனத்துக்குத்தானே டிக்கெட் வாங்கின?" என்றார் கண்டக்டர்.

"இங்கயே இறங்கிக்கிறேண்ணே."

"இன்னா, யாருனா வந்துக்கினு இருக்காங்களா?"

யாரும் வரவில்லை. டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் திட்டு. அதில் உட்கார்ந்து, பையிலிருந்த கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். பல்லுக்குக் கிளிப்பு போடுகிற நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவை என்னென்ன? எல்லாமே கேள்விகளாகத்தான் வந்தன. உள்ளே எத்தனை வைத்தோம்? எத்தனை வெளியே வந்தது? வைத்ததை எப்போது எடுக்கணும்? எடுக்கிற நாளில் டாக்டர் வரவில்லையென்றால் யார் போன் பண்ணணும்? பதினோரு கேள்வி எழுதிவிட்டேன். பன்னிரண்டாவது கேள்வி: டாக்டர் அவசரமாகக் கேட்கும்போது, நாம் பார்த்தது ஒன்று, அவர் எதிர்பார்க்கிற பதில் இன்னொன்று என்றால், வாயில் எது வரணும்? அதற்குள் ரெண்டு திண்டிவனம் பஸ் போய்விட்டது.

அப்புறம் நான் வேலையை விட்டபோது, என்னோடு வேலை பார்த்த ரம்யாதான் இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னாள். "அக்கா, நீங்க பாட்டுக்கு வேலைய விட்டுட்டுப் போறீங்க. எங்களுக்கு யாரு சொல்லுவா? எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். அடுத்த நிமிஷமே அவளுக்குச் சிரிப்பு. "ஆனா ரிடையர் ஆனவங்கதானேக்கா இந்த மாதிரி கட்டுரைலாம் எழுதுவாங்க? உங்களுக்கு ஒரு நரை முடிகூட இல்லியே."

எனக்கு முப்பத்தொரு வயது. பதினோரு வருஷம் கிளினிக்கில் நின்றாயிற்று. போன மாதம் விலகினேன். இதை ஓய்வு என்று சொன்னால் என் கால்களே சிரிக்கும். ஓர் இடத்தில் உட்கார்ந்து இதை எழுதுவதற்குள் நாலு முறை எழுந்து நடந்துவிட்டேன்.

என் பெயர் பிலோமினா. எல்லாருக்கும் பிலோ. விலங்கியல் பட்டம் வாங்கிக்கொண்டு, வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்றுதான் திண்டிவனத்தில் அந்தப் பல் கிளினிக்கில் சேர்ந்தேன். ஆறு மாதம் டோக்கன் கொடுத்தேன், ஆறு மாதம் மாவு கலக்கி அச்சு எடுத்தேன், அப்புறம் நாற்காலி பக்கம் நிற்க வைத்தார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான். எப்படிச் செய்வது என்று எனக்கு முன்னால் இருந்த பெண் காட்டினாள். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

கிளினிக்கை நடத்துகிற மேடம் பல் அடைப்பார், பிடுங்குவார், வேர் சிகிச்சை செய்வார். பல் வரிசையைச் சரிசெய்கிற கிளிப்பு வேலைக்கு மட்டும் தனி டாக்டர் சென்னையிலிருந்து வருவார். கருணாகரன் சார். மாதத்தில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. காலையில் திண்டிவனம், மதியம் சாப்பிட்டதும் விழுப்புரத்தில் இருக்கிற எங்கள் இன்னொரு கிளினிக். அங்கே இருந்த பெண்களுக்குக் கிளிப்பு வேலை தெரியாது என்று என்னையும் காரில் கூட்டிக்கொண்டு போவார்.

சாரைப் பற்றிச் சொல்லணும். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மேஜை மேல் வைக்க மாட்டார். வைத்தால் கண் அதிலேயே போகுமாம். நாற்காலியில் உட்காருகிற எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்பார்: "காலையில என்ன சாப்ட்ட?" பாசமாகக் கேட்கிறார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பதில் சொல்ல வாய் அசைகிறபோது, நாக்கு எங்கே போய் முட்டுகிறது, தாடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். இட்லியா பொங்கலா என்பது அவர் காதில் விழாது. ஒருமுறை ஒரு பையன் "ஒண்ணும் சாப்புடல சார், பசிக்குது" என்றான். "குட், குட்" என்றார்.

வேலை ஆரம்பித்தால் பேச்சே இல்லை. வலது கை பின்னால் வரும், உள்ளங்கை விரிந்திருக்கும். அடுத்து என்ன வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்கணும். சரியானதை வைத்தால் விரல் மூடும். தவறானதை வைத்தால் மூடாது. விரிந்தபடியே காற்றில் நிற்கும். அவரிடம் மூன்று விதமான "ம்" உண்டு. சின்ன "ம்" என்றால் சரி. இழுத்த "ம்ம்" என்றால் எச்சிலை உறிஞ்சு. மூக்கிலிருந்து வருகிற "ம்" வந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாடு நமக்கு இறங்காது. ஒவ்வொரு நோயாளி முடியும்போதும் தலையைத் திருப்பாமல் கேட்பார்: "ஆச்சா?"

"ஆச்சு சார்."

பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ. சொல்கிறேன் என்று தெரியாமலே சொல்வேன்.

எனக்குக் கை வேகம். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. கிளிப்பு ஒட்டுவதற்கு முன்னால் பல்லில் ஒரு மருந்து தடவி, கழுவி, காற்றடித்துக் காய வைக்கணும். காய்ந்த பல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கணும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டால் போச்சு. வருஷக்கணக்கில் நிற்க வேண்டிய கிளிப்பு, அடுத்த வாரம் வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலையை, மெல்லும்போது பேந்து கையோடு வந்துவிடும். இடது கையால் கன்னத்தை விலக்கி, வலது கையால் உறிஞ்சு குழாயை நாக்குக்கு அடியில் பிடித்து, நடுவில் ஒரு விரலால் அடுத்த கிளிப்பை எடுத்து நீட்டுவேன். மேடம்கூட வந்து எட்டிப் பார்த்து, "பிலோவுக்கு மூணு கை" என்பார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அந்த மூணாவது கை தேவையாகத்தான் இருந்தது.

இனி அந்த நீல ரப்பர். கிளிப்பு போடுகிற சிலருக்கு, பின்னால் இருக்கிற கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் மாட்டணும். பல்லும் பல்லும் ஒட்டிக்கொண்டிருந்தால் வளையம் நுழையாது. அதனால் ஒரு வாரம் முன்கூட்டியே பல் இடுக்கில் இந்தச் சின்ன ரப்பரை இழுத்துச் சொருகி விடுவோம். அது மெல்ல மெல்லப் பல்லை விலக்கி இடம் பண்ணிக்கொடுக்கும். மேல் கடைவாய்ப் பல் ரெண்டுக்கும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. மொத்தம் நாலு.

இந்த ரப்பர் சாப்பிடும்போது விழும். அடிக்கடி விழும். "அக்கா, ரப்பர முழுங்கிட்டேன்" என்று போன் வரும். "ஒண்ணும் ஆவாது, வெளிய போயிடும்" என்போம். எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். விழுந்தது எங்கே போயிருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. ரப்பர் வயிற்றுக்குத்தான் போகும் என்று நாங்களாகவே முடிவு பண்ணிக்கொண்டோம்.

வெண்ணிலா கெடாரிலிருந்து விழுப்புரம் கிளினிக்குக்கு வந்தாள். பதினேழு வயது. அவள் அப்பாவுக்குச் சொந்த நிலம். அம்மாதான் கூட வருவார். பள்ளிக்கூடக் கபடி டீமில் பாடிப் போவதில் இவள்தான் முதல் ஆள். மேல் பல் முன்னால் துருத்திக்கொண்டு இருக்கும்.

"காலையில என்ன சாப்ட்ட?" என்றார் சார்.

"கேப்பைக் கூழு சார்." அப்புறம் அவர் கேட்காததையும் சொன்னாள். "நான் கபடி கபடின்னு பாடிக்கினு போறப்போ எதிர் டீமு புடிக்க மாட்டேங்குது சார், சிரிக்குது. 'ஏய், பல்லு வருது பாரு, பின்னாடி ஆளு வருது பாரு'ன்றாளுங்க."

"அப்ப உனக்கு நல்லதுதானே? சிரிச்சா புடி தளரும்" என்றேன் நான்.

"தொட்டுட்டுதான்க்கா வர்றேன். ஆனா பேஜாரா இருக்குது."

அன்றைக்கே நாலு ரப்பரும் வைத்தோம். ஒரு வாரம் போதும், ஆனாலும் ரெண்டு வாரம் கழித்து சார் வருகிற ஞாயிறுதான் எடுப்போம். அந்த ஞாயிறு அவர் வரவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் போன் பண்ணி, "அடுத்த தடவை வாங்க" என்று தள்ளிவிட்டேன். வெண்ணிலாவுக்கும் அதைத்தான் சொன்னேன். ரப்பர் வைத்தவர்களை மட்டும் மேடத்திடம் வரச்சொல்லி எடுத்திருக்கணும். எனக்கு அது தோன்றவில்லை. தோன்ற வேண்டியது என் வேலை என்றும் தெரியாது. ஒரு வாரம் இருக்க வேண்டியது ஒரு மாதம் இருந்தது.

அந்த ஒரு மாதம் கழித்து சார் வந்த ஞாயிறு, விழுப்புரம் கிளினிக்கில் உட்கார இடமில்லை. மாடிப்படி வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். வெண்ணிலாவைப் படுக்க வைத்தேன். சார் கூர்முனைக் கம்பியால் வலது பக்கத்து ரப்பர் ரெண்டையும் நிமிண்டி எடுத்தார். தட்டில் விழுந்தன. இடது பக்கம் ஒன்று வந்தது. பின்பக்க ஈறு உப்பியிருந்தது. கம்பி பட்டதும் ரத்தம் வந்து இடத்தை மறைத்துவிட்டது. உறிஞ்சினேன். மறுபடியும் ரத்தம்.

அன்றைக்கு அவர் "ஆச்சா?" என்று கேட்கவில்லை. எண்ணிக்கையைச் சொல்லித்தான் கேட்டார்.

"நாலும் வந்துருச்சா?"

தட்டைப் பார்த்தேன். மூன்று. பார்த்தேன் என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறேன். பார்க்காமல் சொல்லியிருந்தால் அது வேறு தப்பு. மூன்று இருந்தது எனக்குத் தெரியும். சாப்பிடும்போது ஒன்று விழுந்திருக்கும் என்று மனசு தானாகச் சொல்லிக்கொண்டது. மூன்று என்று சொன்னால் அவர் தேடுவார். தேடினால் பத்து நிமிஷம் போகும். மாடிப்படியில் ஆள் நிற்கிறார்கள். என் கை அதற்குள் இரும்பு வளையத்தை எடுத்துவிட்டிருந்தது.

"நாலும் வந்துருச்சு சார்."

விரிந்த உள்ளங்கையில் வளையத்தை வைத்தேன். விரல் மூடியது. அழுத்தி மாட்டினார்.

அடுத்த முறை வந்தபோது இடது கடைவாய் ஈறு சிவந்து வீங்கியிருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். நான்தான் திட்டினேன்.

"பின்னாடி வரைக்கும் பிரஷ் போவுதா இல்லியா? போனப் புடிக்கிற நேரத்துல பாதி நேரம் பல்லப் புடிச்சா இப்படி ஆவுமா?"

"மூணு வேளை தேய்க்கிறேன்க்கா. ஆட்டம் முடிஞ்சி வந்துகூட தேய்க்கிறேன்."

"அப்ப ஏன் வீங்குது?"

அவள் அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தார். ஈறு கழுவ மருந்துத் தண்ணீர் எழுதிக் கொடுத்து அனுப்பினோம். அதற்கடுத்த முறை வந்தபோது அம்மா சொன்னார்: "ஆட்டத்த நிறுத்திட்டேம்மா. பல்லு சரியாவுற வரைக்கும் மைதானத்துப் பக்கமே போவக்கூடாதுன்னுட்டேன். மண்ணத் தின்னுக்கினு வந்து படுத்தா பல்லு வீங்காம இன்னா பண்ணும்?"

வெண்ணிலா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

சார் வாய்க்குள் பார்க்கிற கண்ணாடியின் காம்பால் அந்தப் பல்லைத் தட்டிப் பார்த்தார். அசைந்தது. எக்ஸ்ரே எடுத்தோம். அந்த ஒரே ஒரு பல்லைச் சுற்றி மட்டும் எலும்பு கிண்ணம் மாதிரி குழிந்து இறங்கியிருந்தது. அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பதினேழு வயசுல, ஒரே பல்லுல மட்டும் எப்படி?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பாண்டிச்சேரியில் ஈறு டாக்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அம்மாவிடம், "நிக்கலன்னா எடுத்துட வேண்டியதுதான்" என்றார். எங்களிடம் இருந்த ரப்பர் எக்ஸ்ரேயில் தெரியாத ரகம். இது எனக்கு அப்புறம்தான் தெரியும். அதுவும் அந்தப் பன்னிரண்டு கேள்வியில் ஒன்று.

ரெண்டு நாள் கழித்து, திண்டிவனத்தில், செவ்வாய்க்கிழமை. கூட்டம் இல்லை. புதிதாகச் சேர்ந்திருந்த ரம்யாவுக்கு ரப்பரைக் குறட்டில் மாட்டி எப்படி விரிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். வேகமாகக் காட்டினேன், என் வழக்கம்போல. வளையம் நழுவித் தெறித்து எங்கேயோ போய்விட்டது. ரெண்டு பேரும் குனிந்து தேடினோம். நாற்காலிக்கு அடியில், விளக்கின் கீழே, என் துப்பட்டா மடிப்பில்.

"விடுங்கக்கா" என்றாள் ரம்யா. "எங்கனா போயிருக்கும்."

குனிந்த நான் நிமிரவில்லை. முட்டி தரையில், கை நாற்காலிக் காலைப் பிடித்தபடி. எங்கனா போயிருக்கும். எங்கே? வாய்க்குள் இருந்த பொருள் வெளியே வரவில்லை என்றால், அது போகிறதுக்கு ஒரே ஒரு இடமா இருக்கிறது?

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாருக்குப் போன் பண்ணினேன். பதினோரு வருஷத்தில் ஞாயிறு தவிர வேறு நாளில் அவருக்கு நான் பண்ணின முதல் போன்.

"சார், வெண்ணிலாவுக்கு அன்னிக்கு நாலு வரல. மூணுதான் வந்துச்சு."

பின்னால் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது.

"எப்போ தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் வாயில் வந்து நின்றது.

"அன்னிக்கே தெரியும் சார்."

"ம்" என்றார். எனக்குத் தெரிந்த மூன்று "ம்"மில் அது இல்லை. "நாளைக்குக் காலையில விழுப்புரம் வர்றேன். அந்தப் பொண்ண வரச் சொல்லு. சாப்ட்டுட்டு வரச் சொல்லு."

புதன்கிழமை காலை. கிளினிக்கில் நாங்கள் மட்டும்தான். வெண்ணிலாவும் அம்மாவும் கெடாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். பல்லைப் பிடுங்கத்தான் அவசரமாகக் கூப்பிடுகிறோம் என்று நினைத்து அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. சார் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். அவளிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டார். இரும்பு வளையத்தைக் குறட்டால் மெதுவாக, ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தூக்கிக் கழற்றினார். நான் வழக்கமான இடத்தில் நின்றேன். அவர் கை பின்னால் வரவில்லை. தட்டிலிருந்து கருவிகளை அவரே எடுத்துக்கொண்டார். நான் உறிஞ்சு குழாயை மட்டும் பிடித்துக்கொண்டு, மூணு கைக்காரி, ஒரு கையோடு நின்றேன்.

வளைந்த முனையுள்ள கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் நுழைத்து, பல்லின் உடம்போடு ஒட்டியே மேலே கொண்டுபோனார். மேல் பல்லுக்கு வேர் மேலேதான் இருக்கும். ரப்பர் வேரின் கூம்பில் வழுக்கிக்கொண்டு மேலே மேலே ஏறும். இறுக்கும், ஏறும், போகிற வழியெல்லாம் எலும்பைக் கரைக்கும். முதல் தடவை ஒன்றும் சிக்கவில்லை. ரெண்டாவது தடவையும் இல்லை. ரத்தம். உறிஞ்சினேன். ஒருவேளை நிஜமாகவே முழுங்கியிருப்பாளோ, எல்லாரையும் சும்மா கலங்கடித்தேனோ என்று ஒரு நப்பாசை. வெண்ணிலாவின் கட்டைவிரல் நாற்காலிக் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை இறங்கும்போது அவர் கை பின்னால் வந்தது. உள்ளங்கை விரிந்தது. நுனி மெல்லிய இடுக்கியை வைத்தேன். மூடியது.

வந்தது. சீழும் ரத்தமுமாக ஒரு சுருள். வெள்ளைத் துணியில் வைத்தார். உப்புத் தண்ணீர் ஊற்றினேன். அதே நீலம்.

"நாலும் வந்துருச்சா?" என்றார். இந்த முறை தலையைத் திருப்பி, என் முகத்தைப் பார்த்து.

"இப்பதான் சார் வந்துச்சு."

அம்மாவை உள்ளே கூப்பிட்டார். "எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துருச்சும்மா" என்று ஆரம்பித்தார். அவர் "எங்க" என்று சொன்னதும் நான் குறுக்கே புகுந்தேன்.

"சார் இல்லம்மா. சார் கேட்டாரு. நான்தான் நாலும் வந்துருச்சுன்னு சொன்னேன். மூணுதான் வந்துச்சு."

அந்த அம்மா துணியில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். அப்புறம் என்னை.

"ஏம்மா, நீதானே இவ பல்லு தேய்க்கலன்னு அந்தத் திட்டு திட்டின?"

"ஆமாம்மா."

"நீ திட்டினன்னுதானே நான் இவள ஆட்டத்துக்கு அனுப்பாம வெச்சேன்? ஒரு மாசமா என் கூடப் பேசாம கெடக்குது." குரல் ஏறவில்லை, ஏறியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "படிச்ச பொண்ணு சொல்லுது, பெத்த பொண்ணு பொய் சொல்லுதுன்னு நெனச்சிட்டேன்."

வெண்ணிலாவுக்குப் பாதி கன்னம் மரத்திருந்தது. வாயில் பஞ்சு. அதோடு கோணலாகப் பேசினாள். என்னிடம் பேசவில்லை.

"அப்ப நாளைலேர்ந்து ஆட்டத்துக்குப் போவட்டாம்மா?"

"ரத்தம் நிக்கட்டும்டி மொதல்ல!"

அதற்கப்புறம்தான் நான் பஸ் ஏறினேன். அந்த நீல வளையத்தைக் கேட்டு வாங்கி, மருந்தில் ஊற வைத்துக் கழுவி எடுத்துக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டினதும் எழுந்து நின்றதும், கூட்டேரிப்பட்டில் இறங்கினதும் அன்றைக்குத்தான்.

அந்தப் பல் இன்னும் வெண்ணிலாவின் வாயில் இருக்கிறது. மாதாமாதம் சார் அளந்து பார்க்கிறார். பல்லின் ஆட்டம் குறைந்திருக்கிறது. எலும்பு கொஞ்சம் வந்திருக்கிறது, முழுசாக வரவில்லை. ஈறு ஏறின இடம் ஏறினதுதான். நிற்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. கேட்டால் "பாக்கலாம்" என்கிறார்.

அடுத்த வாரமே நான் அட்டைகளில் ரெண்டு கட்டம் போட்டேன்: வைத்தது எத்தனை, எடுத்தது எத்தனை. மேடம் ஒத்துக்கொண்டார். ஆனால் எனக்கு அதோடு நிற்க முடியவில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெருவுக்கு ஒரு பல் கிளினிக் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் என்னை மாதிரி ஒரு பெண் ஏன் என்று தெரியாமல் எப்படி என்று மட்டும் தெரிந்து நின்றுகொண்டிருக்கிறாள். அவர்களுக்கு ஒரு வகுப்பு வைக்கணும். ஒரு நாள், அரை நாள், ரெண்டு மணி நேரமாவது. மேடத்திடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நல்ல யோசனைதான் பிலோ. ஆனா கத்துக்கிட்டா அந்தப் பொண்ணுங்க அடுத்த கிளினிக்குக்குப் போயிடும். ஒரு டாக்டரும் அனுப்ப மாட்டாங்க." கொஞ்சம் விட்டு, "அதுவும் இல்லாம, நீ அங்க போயி இன்னா சொல்லப்போற? நம்ம கிளினிக்ல நடந்ததத்தானே?"

"அதச் சொல்லாம எப்படி மேடம் சொல்லித் தர்றது?"

"அப்ப இங்க இருந்துக்கினு சொல்ல முடியாது."

கோபத்தில் சொன்னதில்லை அது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ரெண்டு மாதம் முன்கூட்டியே சொல்லி, ரம்யாவுக்கு எனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டிவிட்டு விலகினேன். வகுப்பு ஓடவில்லை என்றால் என்ன செய்வேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். தெரியாது.

சாரை வகுப்புக்குக் கூப்பிட்டேன். பழைய பிளாஸ்டிக் தாடை ஆறும், தேய்ந்த குறடு நாலும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். வர மட்டும் மாட்டேன் என்றார்.

"ஏன் சார்?"

"நான் இருந்தா எல்லாம் 'ஆச்சு சார்'னுதான் சொல்லும்."

வருகிற அமாவாசை அன்றைக்கு மதியம் முதல் வகுப்பு. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் போய்விடும். பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அன்றைக்குப் பல் கிளினிக்கில் ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். அதனால்தான் அந்த நாள். இடம், விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடி. மதியத்தில் காலியாக இருக்கும். இதுவரை ஆறு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். நாலு பேர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. ஒருத்தி கேட்காமல். ரம்யா, "மேல்மலையனூர் போறேன்னு லீவு சொல்லிட்டேன்க்கா. ஆத்தா கண்டுக்க மாட்டா" என்கிறாள். அதுவும் ஒரு பொய்தான். இந்த வகுப்புக்கே பொய் சொல்லிக்கொண்டு வருகிறாயே என்றால் சிரிக்கிறாள்.

பாடம் ரொம்பச் சின்னது. கம்பிகளின் பெயர், கருவிகளின் பெயர் எல்லாம் ரெண்டாவது வகுப்பில். முதலில் ஒவ்வொருத்தியிடமும் ஒரு தாடையைக் கொடுப்பேன், நாலு ரப்பர் வைத்து. பற்களைச் சுற்றி ஈறு மாதிரி ரோஸ் களிமண் அப்பியிருக்கும். சில தாடையில் ஒரு ரப்பர் களிமண்ணுக்குள் போயிருக்கும். எடுக்கச் சொல்வேன். ஜல்தி, ஜல்தி என்று விரட்டுவேன். வெளியே ஆள் நிக்கிறாங்க, கெடார் பஸ் போயிடும் என்பேன். கடைசியில், தலையைத் திருப்பாமல், சாரின் குரலிலேயே கேட்பேன்: "நாலும் வந்துருச்சா?"

யார் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று பார்க்கணும். அதை நினைத்தால் இப்போதே உட்கார முடியவில்லை.

நேற்று வெண்ணிலாவுக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். அவளைக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. விஷயம் தெரியட்டும் என்றுதான் சொன்னேன். பின்னால் விசில் சத்தம், மைதானத்தில் இருந்திருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"களிமண்ணுல ரப்பர யாருக்கா ஒளிச்சு வெப்பா?"

"நான்தான்."

"வேணாம். நான் வர்றேன், நான் ஒளிச்சு வெக்கிறேன். மொத ஆளா நீங்க உக்காந்து எடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

சரி என்றேன். அவள் எத்தனை வைப்பாள் என்று சொல்ல மாட்டாளாம். நாலுக்கு மேல்கூட வைப்பாளாம்.